பறக்கத் தெரியாத சூனியக்காரிகள்

சூனியக்காரி என்று சொன்னால் உங்களுக்கு எந்த உருவம் ஞாபகம் வரும்? என் வயதுக்காரருக்கு அநேகமாக இரண்டு வரும். ஒன்று, அம்புலிமாமாவிலும் விட்டலாச்சார்யா படங்களிலும் பார்த்த, தலையை விரித்துப்போட்டுக்கொண்டு கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிற கிழவி. மற்றது, புலம்பெயர்ந்து வந்தபின் பிள்ளைகளோடு இருந்து ரிவியில் பார்க்கிற வெள்ளைக்காரச் சூனியக்காரி. கூரான கறுப்புத் தொப்பி, வளைந்த மூக்கு, பச்சை முகம், ஏறிப் பறக்க ஒரு தும்புத்தடி.

இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமான விசயம், பொறுமையாக வாசியுங்கள். நான் வரலாற்றறிஞன் இல்லை. கம்பஸில் வரலாறு படிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து, இப்போது சுவிசில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கிறவன். இங்கே மாசிப் பனிக்குள் நடக்கும் கார்னிவல் நாட்களில் சூனியக்காரி முகமூடி போட்டு ஊர்வலம் போகிறவர்கள் எங்கள் கடைக்கும் சூப் குடிக்க வருவார்கள். முகமூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் குடிப்பார்கள். அதில் பிழையில்லை. ஆனால் இந்த நாட்டிலேயே ஒரு வீட்டு வேலைக்காரியைச் சூனியக்காரி என்று சொல்லிக் கொன்ற கதையை வாசித்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. படத்தில் வருகிற சூனியக்காரியிடம் இவ்வளவு சக்தி இருக்கிறதே, பிறகு எப்படி அவளைப் பிடித்துக் கட்டினார்கள்?

முதலில் அந்தப் பச்சை முகத்தைப் பார்ப்போம். அது ஹொலிவூட் பூசிய நிறம். பிராங் போம் என்ற அமெரிக்கர் 1900இல் எழுதிய ஓஸ் கதையில் மேற்குத் திசைச் சூனியக்காரிக்கு ஒரே ஒரு கண். கையில் இருந்தது குடை. 1939இல் எம்.ஜி.எம் நிறுவனம் அதை 'த விசார்ட் ஒஃப் ஓஸ்' என்று படமாக்கியபோது வர்ணப்படம் என்பதே சனத்துக்கு ஒரு வேடிக்கை. கதையில் வெள்ளியாக இருந்த சப்பாத்து, திரையில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று சிவப்பாக மாறியது. சூனியக்காரியின் முகம் பச்சையானது. அதற்கு இரண்டு வருடம் முதல், 1937இல், வோல்ட் டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' படத்தில் அழகான அரசி கூன் விழுந்த கிழவியாக மாறி அப்பிள் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். இந்த இரண்டு படங்களும் போட்ட அச்சில்தான் இன்றுவரைக்கும் ஹலோவீன் முகமூடி வார்க்கிறார்கள்.

பச்சை முகத்தோடு நடித்தவர் மார்கரெட் ஹமில்டன். நடிக்க வருமுன் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். 1938 டிசம்பரில், நெருப்புக்கும் புகைக்கும் நடுவில் மறைந்துபோகும் காட்சியை எடுத்தபோது நெருப்பு முந்திவிட்டது. முகமும் கையும் எரிந்து, கிழமைக்கணக்கில் படப்பிடிப்புக்கு வரமுடியாமல் கிடந்தார். நடிக்க வந்தவருக்கே நெருப்பு இவ்வளவு செய்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போமின் மாமியார் மட்டில்டா ஜொஸ்லின் கேஜ் பெண்ணுரிமைக்குப் போராடியவர். 1893இல் எழுதிய புத்தகத்தில், சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் திருச்சபையாலும் அரசாலும் பலியெடுக்கப்பட்ட பெண்கள் என்று வாதாடினார். 90 லட்சம் பேர் என்று அவர் சொன்ன கணக்கு மிகைதான். 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் மரணதண்டனை பெற்றவர்கள் 40,000க்கும் 60,000க்கும் இடையில் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கணக்கு. அவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் பெண்கள். கணக்குத்தான் பிழை, மாமியார் சொன்ன விசயம் சரி. ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது மருமகனின் பச்சைக் கிழவியை.

கிழவியைப் பார்த்துப் பயந்து அலுத்தபிறகு சினிமா அவளை வடிவான பெட்டை ஆக்கியது. 1942இல் 'ஐ மரிட் எ விட்ச்' என்று ஒரு பகிடிப் படம். பிறகு 1964 முதல் 1972 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'பிவிட்ச்ட்'. அதில் சமந்தா என்ற சூனியக்காரி மூக்கை ஆட்டினால் எதுவும் நடக்கும். ஆனால் புருசன் என்ன சொல்கிறான்? மந்திரம் போடாதே, மற்றப் பெண்களைப் போல வீட்டு வேலையைக் கையால் செய் என்கிறான். அவளும் சரி என்கிறாள்! அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பம் அப்படியே அதற்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு 1990களில் 'சப்ரினா', 'சார்ம்ட்' என்று பள்ளிக்கூடம் போகிற, வேலைக்குப் போகிற, பேய்களை அடிக்கிற சூனியக்காரிகள் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வளர்ந்தது இவர்களோடுதான்.

இவையெல்லாம் விளையாட்டுத்தானே என்று நீங்கள் சொல்லலாம். நானும் பார்த்துச் சிரித்தவன்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 'பிவிட்ச்ட்' தொடரின் சில பகுதிகளை 1970இல் சேலம் என்ற ஊரில் போய் எடுத்தார்கள். தமிழ்நாட்டுச் சேலம் இல்லை, அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். 2005இல் அதே ஊரில் சமந்தா தும்புத்தடியில் குந்தியிருக்கிற வெண்கலச் சிலையும் வைத்தார்கள். அந்த ஊரில் 1692இல் நடந்தது என்ன? 14 பெண்களும் 5 ஆண்களுமாக 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். வழக்கில் பதில் சொல்ல மறுத்த ஒரு கிழவரைக் கல்லுகளால் நசுக்கிக் கொன்றார்கள். சிறைக்குள்ளேயே குறைந்தது 5 பேர் செத்தார்கள். ஒருவரும் தும்புத்தடியில் ஏறித் தப்பிப் போகவில்லை.

சேலத்தில் ஒருவரையும் எரிக்கவுமில்லை. ஆனால் படங்களைப் பார்த்துவிட்டு எரித்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று சனத்துக்குத் தெரியாது. அங்கே "ஓம், நான் சூனியக்காரிதான்" என்று ஒப்புக்கொண்டவர்கள் தூக்குக்குப் போகவில்லை. "நான் இல்லை" என்று கடைசிவரை நின்றவர்கள்தான் போனார்கள். முதலில் ஒப்புக்கொண்டவள் ரிற்றுபா என்ற அடிமைப் பெண். உயிரோடு இருக்கவேண்டுமென்றால் பொய் சொல்லவேண்டும், பொய்யை நம்பவைக்க இன்னும் நாலு பேரின் பெயரைச் சொல்லவேண்டும் என்ற நிலைமை.

இந்தப் பொறி அமெரிக்காவில் பிறந்ததில்லை. இங்கே எங்களுக்குப் பக்கத்தில் பிறந்தது. சுவிசின் வலே பகுதியில் 1428இலேயே பெரிய அளவில் சூனிய வழக்குகள் தொடங்கிவிட்டன. தும்புத்தடியில் பறக்கும் பெண்ணின் ஆகப் பழைய படங்களில் ஒன்று 1451ஆம் ஆண்டின் ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் இருக்கிறது. 1485இல் ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி ஒஸ்ரியாவின் இன்ஸ்புரூக் நகரத்தில் பெண்கள்மேல் விசாரணை நடத்தப் போனார். அவர் விசாரித்த விதத்தைப் பார்த்து அந்த இடத்து ஆயருக்கே வெறுத்துவிட்டது. வழக்கு நிற்கவில்லை, கிராமரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். தோற்றுப்போன அந்த மனிசன் போயிருந்து எழுதிய புத்தகம்தான் 'சூனியக்காரிகளின் சம்மட்டி'. 1486இல் எழுதியது. அச்சியந்திரம் வந்து கனகாலம் ஆகாத நேரம், நாடு நாடாகப் பரவியது.

சட்டமும் கூட வந்தது. 1532இல் ஜேர்மன் பேரரசுக்கு வந்த குற்றவியல் சட்டம், சூனியத்தால் தீங்கு செய்தவர்களுக்கு நெருப்புத் தண்டனை என்றது. கண்ட சாட்சி இல்லாவிட்டால் குற்றவாளியின் வாக்குமூலம் வேண்டும் என்றது. வாக்குமூலம் எடுக்கச் சித்திரவதையையும் அனுமதித்தது. சூனியத்துக்குக் கண்ட சாட்சி எங்கே கிடைக்கும்? ஆகவே சித்திரவதைதான் வழி. ஒரு பெண்ணைக் கட்டித் தூக்கி, "கூட்டத்தில் வேறு யாரைக் கண்டாய்?" என்று கேட்டால் நோவுக்குப் பத்துப் பெயர் சொல்லுவாள். அந்தப் பத்துப் பேரையும் தூக்கினால் நூறு பெயர். 1631இல் பிரீட்ரிக் ஸ்பே என்ற யேசுசபைப் பாதிரியார் இதைத்தான் எழுதினார். சூனியக்காரிகளை உண்டாக்குவது சித்திரவதையே, எங்களையும் அப்படித் தூக்கினால் நாங்களும் ஒப்புக்கொள்வோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பயத்தில் தன் பெயரைப் போடாமல்தான் வெளியிட்டார்.

இதை எங்கள் ஆட்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. சுற்றிவளைப்பில் ஊர்ச்சனத்தையெல்லாம் மைதானத்தில் இருத்தி, சாக்கால் முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்ட காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். சாக்குக்குள் இருந்தவன் ஆட்டினால் சரி. அவன் ஏன் ஆட்டினான், அவனுக்கு முதல்நாள் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. 1979இல் இலங்கையில் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம், பொலிஸ் உதவி அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கச் சொன்னது. அது வற்புறுத்தி எடுத்தது என்றால், அதை நிரூபிப்பது வாக்குமூலம் கொடுத்தவரின் பொறுப்பு. 1532க்கும் 1979க்கும் இடையில் எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சரி, சினிமா இந்த விசாரணை அறைக்குள் போனதே இல்லையா? போயிருக்கிறது. குறைவு, ஆனால் போனவை நல்ல படங்கள்.

1922இல் டென்மார்க்காரர் பெஞ்சமின் கிறிஸ்டென்சன் எடுத்த 'ஹெக்சான்' ஒரு ஊமைப்படம். கிராமரின் புத்தகத்தை வாசித்துவிட்டு எடுத்தது. பிசாசாக இயக்குநரே நடித்தார். பறக்கிற பெண்களையும் காட்டுகிறார், சித்திரவதைக் கருவிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். ஒரு கிழவியை வதைக்க, அவள் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டு, தனக்கு முன்பு கொடுமை செய்தவர்களின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுவாள். பறக்கும் காட்சிகள் அவளுடைய வாக்குமூலமாகத்தான் திரையில் வருகின்றன.

1943இல், ஜேர்மன் படைகள் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில், கார்ல் தியடோர் டிரையர் 'கோபத்தின் நாள்' என்ற படத்தை எடுத்தார். 1590இல் நோர்வேயின் பேர்கன் நகரத்தில் எரிக்கப்பட்ட அன்னா பெடர்ஸ்டோட்டர் என்ற பெண்ணைப் பற்றிய நாடகத்திலிருந்து வந்த கதை. அதில் ஒரு கிழவியை ஏணியில் கட்டி நெருப்புக்குள் சரிப்பார்கள். சிறுவர்கள் வரிசையாக நின்று தேவாலயப் பாட்டுப் பாடுவார்கள். பார்த்தால் அன்றிரவு நித்திரை வராது. அந்தக் கிழவிக்குப் பச்சை முகம் இல்லை. உங்கள் வீட்டு அம்மம்மா மாதிரி இருப்பா.

மூன்றாவது, ஆர்தர் மில்லரின் 'த குருசிபிள்'. 1953இல் நாடகம், 1996இல் மில்லரே திரைக்கதை எழுதிப் படம். அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடிப் பிடித்த காலத்தை மனதில் வைத்துச் சேலம் கதையை எழுதினார். 1956இல் அவரையே காங்கிரஸ் குழுவின் முன் கூப்பிட்டு மற்றவர்களின் பெயரைக் கேட்டார்கள். சொல்ல மறுத்ததற்காக 1957இல் குற்றவாளி என்றார்கள், 1958இல் மேல்நீதிமன்றம் அதைத் தள்ளியது. மனிசன் எழுதியபடி நடந்து காட்டினார். ஆனால் இந்தப் படத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. உண்மையில் ஜோன் புரொக்டருக்கு 60 வயதளவு, அபிகயில் 11, 12 வயதுப் பிள்ளை. மில்லர் அவனை இளமையாக்கி, அவளை 17 வயதாக்கி, இருவருக்கும் தொடர்பு என்று வைத்தார். கடைசியில் என்ன ஆச்சு? ஒரு பெட்டையின் ஆசையால் ஊர் அழிந்தது என்ற மாதிரிக் கதை திரும்பிவிட்டது. கிராமரும் ஏறக்குறைய இதைத்தானே சொன்னார்!

2015இல் வந்த 'த விட்ச்' படத்தையும் சொல்லவேண்டும். 1630களின் உடுப்பு, பேச்சு, வீடு எல்லாம் கவனமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் காட்டுக்குள் உண்மையாகவே சூனியக்காரி இருக்கிறாள், குழந்தையைக் கொல்லுகிறாள். அப்படியென்றால் குற்றம் சாட்டியவர்கள் சொன்னது சரி என்று ஆகிறது. பயமுறுத்தும் படத்துக்கு அது தேவை. வரலாற்றில் செத்தவர்களுக்கு அது இரண்டாவது தீர்ப்பு.

இனி நான் முதலில் சொன்ன வேலைக்காரிக்கு வருகிறேன். பெயர் அன்னா கோல்டி. 1734இல் சென்வால்ட் என்ற இடத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, வீடு வீடாக வேலை செய்து பிழைத்தவள். கிளாருஸ் நகரத்தில் சூடி என்ற குடும்பத்தில் வேலைக்கு நின்றாள். வீட்டுக்காரர் டொக்டர், நீதிபதி, அரசியலிலும் பெரிய ஆள். 1781இல் அந்த வீட்டு எட்டு வயது மகளின் பாலுக்குள் குண்டூசி கிடந்தது என்று அன்னாவை வேலையால் நிற்பாட்டினார்கள். பிறகு பிள்ளை ஊசி ஊசியாகச் சத்தி எடுக்கிறது என்றார்கள். அன்னா ஓடினாள். சூரிச் பத்திரிகையில் அவளுடைய அடையாளத்தைப் போட்டு, பிடித்துத் தருபவருக்குப் பணம் என்று விளம்பரம் செய்தார்கள். 1782 பெப்ரவரியில் பிடிபட்டாள்.

பிடித்து வந்து, "நீதான் பிள்ளையைக் குணப்படுத்தவேண்டும்" என்றார்கள். அவள் தொட்டாள், பிள்ளை சுகமானது. அதையே அவளுடைய சக்திக்குச் சாட்சியாக எடுத்தார்கள். சுகப்படுத்தாவிட்டாலும் குற்றம், சுகப்படுத்தினாலும் குற்றம். பிறகு பெருவிரல்களில் கட்டித் தூக்கிக் காலில் கல்லுக் கட்டினார்கள். பிசாசோடு ஒப்பந்தம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டாள். இறக்கிவிட்டதும் மறுத்தாள். 1782 யூன் மாதம் வாளால் தலையை வெட்டினார்கள். தீர்ப்பில் சூனியம் என்ற சொல் இல்லை, நஞ்சு கொடுத்தாள் என்று எழுதினார்கள். பிள்ளையோ உயிரோடு இருந்தது. ஐரோப்பா முழுக்க அறிவு வெளிச்சம் என்று பேசிய காலம் அல்லவா, எழுத வெட்கமாக இருந்திருக்கும். வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் இருந்த உறவு வெளியே வந்தால் அவருடைய பதவி போய்விடும், அதனால்தான் அவளை முடித்தார்கள் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எவலின் ஹஸ்லர் 1982இல் இதை நாவலாக எழுதினார். 1991இல் கெர்ட்ரூட் பிங்குஸ் என்ற பெண் இயக்குநர் படமாக எடுத்தார். 2008 ஓகஸ்ட் 27இல் கிளாருஸ் மாநிலப் பாராளுமன்றம் அன்னா குற்றமற்றவள் என்று அறிவித்தது. 226 வருடம் கழித்து!

அன்னாவின் கதையை வாசிக்கும்போது எனக்கு மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கைத்தான் நினைவு வந்தது. வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போட்டில் சவூதிக்கு வேலைக்குப் போனவள். 2005இல் அவளுடைய பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. சட்டத்தரணி இல்லாமல், பாசையும் விளங்காத இடத்தில் எடுத்த வாக்குமூலம். பிறகு அவள் அதை மறுத்தாள். 2013 ஜனவரி 9இல் வாளால் தலையை வெட்டினார்கள். அது சூனிய வழக்கு இல்லைத்தான். ஆனால் வேற்றூர் வேலைக்காரி, எசமான் வீட்டுப் பிள்ளை, வதையிலோ பயத்திலோ வந்த வாக்குமூலம், வாள் என்ற வரிசை ஒன்றுதானே? சூனியம் என்ற பெயரிலேயே அதே நாட்டில் 2011 டிசம்பரில் ஒரு பெண்ணின் தலையை வெட்டினார்கள். இந்தியாவில் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதற்கு எதிராகத் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 2021இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையும் இதைப்பற்றித் தீர்மானம் போட்டது. ஆகவே இது பழங்கதை இல்லை.

என்னுடைய கருத்து இதுதான். சினிமா சூனியக்காரியைக் கெட்டவளாகக் காட்டினாலும் நல்லவளாகக் காட்டினாலும், அவளிடம் சக்தி இருந்தது என்று சொல்கிறது. குற்றம் சாட்டியவர்கள் சொன்னதும் அதையேதான். மூக்கை ஆட்டுகிற சமந்தா எவ்வளவு நல்லவளாக இருந்தாலும், நீதிபதியின் பக்கத்துச் சாட்சி. உண்மையில் சக்தி இருந்தது டொக்டரிடமும் பாதிரியாரிடமும் பத்திரிகையில் விளம்பரம் போட்டவரிடமும். அவர்களை யாரும் முகமூடியாகச் செய்து விற்பதில்லை.

பிள்ளைகளைப் படம் பார்க்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹரி பொட்டரும் பார்க்கட்டும், ஹலோவீனுக்குத் தொப்பியும் போடட்டும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வயது வந்தால் சேலத்தின் கதையையும் சொல்லிக் கொடுங்கள். அதே சேலம் வழக்கில் தண்டனை அழியாமல் மிஞ்சியிருந்த எலிசபெத் ஜோன்சன் என்ற பெண்ணின் பெயரை 2022இல் மசசூசெட்ஸ் துடைத்தது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடாமல் நின்றதால்தான். பிள்ளைகளுக்கு விளங்கும்.

சுவிசில் இருக்கிறவர்கள் ஒரு லீவு நாளில் கிளாருஸ் பக்கம் போய்ப் பாருங்கள். சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் அளவில் போகலாம். பக்கத்து எனென்டாவில் அன்னா கோல்டிக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், எந்த நாட்களில் திறந்திருக்கும் என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். போய்வந்தவர்கள், 1991ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் அபிப்பிராயத்தையும் எழுதுங்கள்.